அக்கி வலி
அக்கி வலி என்பது சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் பல்லாண்டு கழித்து மீண்டும் கிளர்ந்தெழுவதால் வரும் நரம்புவலி. சின்னம்மை ஆறிய பிறகும் அந்த வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ நோய் எதிர்ப்பாற்றல் குன்றும்போதோ விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் கொப்புளங்கள் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகத் தோன்றுகின்றன. அதற்குச் சில நாள் முன்பே எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடுவதால், மார்பில் வந்தால் மாரடைப்பு என்று அஞ்சுவோரும் உண்டு.

கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மருந்துகளைத் தொடங்குவது நல்லது. தமிழகத்தில் கொப்புளங்கள் மீது செங்காவி பூசி 'அக்கி எழுதும்' வழக்கம் உண்டு; அது வைரஸைத் தடுக்காது, அதற்காகக் காத்திருந்தால் இந்த அரிய நேரம் வீணாகும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்; பார்வையே பாதிக்கப்படலாம்.

புண் ஆறி மூன்று மாதம் கடந்தும் சிலருக்கு வலி நீடிக்கும். சட்டை உரசினாலே துடிக்கவைக்கும் இவ்வலிக்குச் சாதாரண வலிமாத்திரை அவ்வளவாகப் பயன்படாது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், லிடோகெய்ன் ஒட்டு ஆகியவற்றை மருத்துவர்கள் தருகின்றனர். 50 வயது கடந்தோருக்கு இரு தவணைத் தடுப்பூசி உண்டு.