பாஸ்டருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

எங்கள் தெருக்கோடியில், ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே தகரக்கூரை போட்ட மாடியில் ஒரு ஜெப வீடு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தால் அதிகம். பாஸ்டர் வார நாட்களில் எலெக்ட்ரிகல் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரை மாட்டியதே அவர்தான். ஆனாலும் தெரு வாட்ஸப் குழுவில் அடிக்கடி யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "இவங்களுக்கெல்லாம் எங்கிருந்து காசு வருது?"

பழைய மிஷனரிப் புத்தகங்களைப் புரட்டினால், இந்தக் கேள்விக்கு 180 வயசுக்கு மேல் ஆகிறது என்று தெரிகிறது. அன்றே அதற்குப் பதில் சொல்ல நினைத்த ஒருவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867).

அன்றைய திருநெல்வேலிச் சீமையில் சபை எப்படி நடந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். லண்டனில் ஒரு சங்கம். அது அனுப்பிய வெள்ளைக்கார மிஷனரி. அவருக்குக் கீழே ஊர் ஊராக உபதேசியார்கள். உபதேசியாருக்கு மாதச் சம்பளம் சங்கத்திலிருந்து வரும். கூடவே உத்தரவும் வரும். டோனாவூர் என்ற ஊர்ப்பெயரே, நிலம் வாங்கப் பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர்தான்!

அருளப்பன் படித்தது பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம். சி.எம்.எஸ். சங்கத்தோடு கருத்து வேறுபாடு முற்றி, 1835இல் அந்த ரேனியஸையே சங்கம் வேலையை விட்டு நீக்கியது. அருளப்பனுக்கு வாய்த்த இன்னொரு வழிகாட்டி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தில் நல்ல வருமானம் வந்த பல் வைத்தியத்தை விட்டுவிட்டு, பாக்தாத் போய், 1833இல் இந்தியா வந்தவர். எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காதவர்.

1840 வாக்கில் அருளப்பன் தனியாக ஊழியத்துக்குக் கிளம்பும்போது, மாதாமாதம் ஒரு தொகை தருவதாக குரோவ்ஸ் சொன்னார். அருளப்பன் வேண்டாம் என்றார். காரணத்தை குரோவ்ஸ் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நிரந்தரச் சம்பளம் வாங்கினால், 'கூலிக்குத்தான் இவன் பிரசங்கம் பண்ணுகிறான்' என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம்.

நம்ம வாட்ஸப் குழு கேட்பதும் அதே கேள்விதானே?

வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை அவர் உண்டாக்கினார். விவசாயம் செய்தார்கள். நண்பர்கள் விரும்பி அனுப்பிய காணிக்கையும் வந்தது. வெளிநாட்டுக் காசே தொடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சம்பளம் வேறு, காணிக்கை வேறு. காணிக்கை நின்றால் வயிறு காயலாம், ஆனால் சொன்னபடி கேட்காவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அப்பம் பிட்கப் பட்டம் பெற்ற குரு வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை.

அந்தச் சுதந்திரத்தின் பலன் 1860இல் தெரிந்தது. அந்தச் சபையில் பெரிய எழுப்புதல் வந்தது. நடுங்கி அழுது ஜெபித்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெந்தெகொஸ்தே சபைகளின் வரலாற்றை லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில், 1906இல் தொடங்குவது வழக்கம். இது அதற்கு 46 வருஷம் முந்தி! சுற்றியிருந்த மிஷனரிகளில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். நிறுத்தச் சொல்லி உத்தரவு போடத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை.

சம்பளக்கார உபதேசியாரின் நிலைமை வேறு. நாசரேத்தில் மிஷன் வேலையில் இருந்த சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு மோதி வேலை இழந்தார். பிறகு 1857இல் அவர் தனிச்சபையே தொடங்கினார். சனிக்கிழமை ஆராதனை, திராட்சை மதுவுக்குப் பதில் புளிக்காத பழரசம் என்று அதன் போக்கே தனி.

தேடும்போது எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. சங்கத்துக்காரர்களைப் பற்றி ஆண்டறிக்கை அலமாரி அலமாரியாக இருக்கிறது. காசு கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! அந்தக் கணக்குதான் இன்று நமக்கு வரலாறு. யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத சின்னச் சபைகள் தடமில்லாமல் போய்விடுகின்றன. அருளப்பன் தப்பியது, அவர் நாட்குறிப்பு எழுதியதால். அதை வைத்து ஜி. எச். லாங் 1939இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார்.

போன மாசம் இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்க வந்த பாஸ்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க ஏதாவது எழுதி வைக்கிறீங்களா, பாஸ்டர்?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, காணிக்கை, கரண்ட் பில், யாருக்காக ஜெபம், யார் வீட்டில் சாவு என்று பதினோரு வருஷம் அதில் இருந்தது.

"தூக்கிப் போட்டுடாதீங்க, பாஸ்டர்" என்றேன். "இதை யார் சார் படிக்கப் போறாங்க?" என்று சிரித்துவிட்டு, பேட்டரிக்குத் தண்ணி ஊற்றப் போய்விட்டார்.