சோமாசியின் ஓரம்

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி மயிலாப்பூர், சாந்தோம் இல்லங்களில் செய்யப்படும் பலகாரங்களெல்லாம் ஐரோப்பியர் தந்த கொடை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். போர்த்துக்கீசியர் வந்தனர், கோவில் கட்டினர், கூடவே பலகாரமும் கொண்டுவந்தனர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முதலிரண்டும் ஏடறிந்த செய்திகள். 1523ஆம் ஆண்டளவில் அவர்கள் திருத்தூதர் தோமையாரின் கல்லறைமீது இருந்த சிற்றாலயத்தைச் செப்பனிட்டனர். 1606இல் மயிலை தனி மறைமாவட்டமாயிற்று. மூன்றாவது செய்தியைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சீப்பின்மீதோ முட்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டும் கல்கல் போன்றவற்றைப் போர்த்துக்கீசியர் கணக்கில் எழுதுவோர் எழுதட்டும். சோமாசியின் கதை வேறு. வடநாட்டில் ஹோலிக்குச் செய்யும் குஜியா, மராட்டியத்துக் கரஞ்சி, ஆந்திரத்துக் கஜ்ஜிக்காய் ஆகிய அனைத்தும் இதன் உடன்பிறப்புகளே. கோவாவில் இந்துக்கள் விநாயக சதுர்த்திக்குச் செய்யும் நெவ்ரிதான் அங்குள்ள கிறிஸ்தவரின் கிறிஸ்மஸ் தட்டிலும் இடம்பெறுகிறது. நம் மயிலையிலும் மாடவீதிகளின் இல்லங்களில் தீபாவளிக்குப் பொரியும் அதே சோமாசி, கச்சேரி சாலையைக் கடந்து சாந்தோமில் டிசம்பரில் பொரிகிறது. பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலம், சில வீடுகளில் கசகசா: பூரணத்திலும் வேற்றுமை காண்பது அரிது.

தேங்காய் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. திருத்தந்தையின் தூதராகச் சீனம் செல்லும் வழியில் ஷார்ல் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கினார். எட்டு மாதங்கள் தங்கி, 1704 ஜூனில் மதுரை, மைசூர், கருநாடகப் பணித்தளங்களுக்கென ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவத் திருமணங்களில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கலாகாது. உண்ண விரும்பினால் சடங்குக்குப் புறம்பே, பலர் அறியாமல் உடைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பகுதிகளுள் ஒன்று. கோவாவின் விசாரணை மன்றமோ 1736இல் உப்பிடாமல் சோறு சமைப்பதையும் இந்து வழக்கமென்று தடைசெய்தது. மறைப்பணியாளர் இவ்விதிகளைக் கடைப்பிடிப்பதாக எடுத்துவந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது. அந்நாள் பெரியோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அவர்கள் காக்க விழைந்தது விசுவாசத்தை. ஆயினும் இத்தனை ஆணைகளுக்கிடையிலும் அடுக்களையில் தேங்காய் துருவும் கை நிற்கவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களினங்களின் பண்புகளை மதிக்க வேண்டுமென்று ஏட்டில் எழுதியதை, நம் அன்னையர் அடுப்படியில் முன்னரே எழுதிவிட்டனர் எனலாம்.

இதே போன்ற கலக்கம் இங்கிலாந்திலும் நேர்ந்தது. 'பை' என்று அவர்கள் வழங்கும் மூடிய மாப்பண்டத்தின் நீண்ட கூடு, குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டியின் சாயல் என்று 17ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜான் செல்டன் குறித்துள்ளார். 1647இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் கிறிஸ்மஸ் விழாவையே ஒழித்தது. மன்னராட்சி மீண்ட 1660இல் ராபர்ட் மே என்னும் சமையற்கலைஞர் வெளியிட்ட நூலில், இத்தகைய பண்டங்களை எவ்வெவ்வடிவில் அழகுசெய்வது என்பதற்கு மரச்செதுக்குப் படங்களே உண்டு.

நம் சோமாசிக்குப் படம் வரைந்து வைத்தவர் எவர்? பங்கு ஏடுகளில் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் பதிவாகின்றன. மடிப்புக்கு ஏடில்லை, தாயின் விரலைப் பார்த்து மகளும், மாமியாரின் விரலைப் பார்த்து மருமகளும் கற்றதே கல்வி. வட்டமாகத் தேய்த்த மாவில் பூரணம் வைத்து, பிறைபோல் மடித்து, விளிம்பை நீர்தொட்டு ஒட்டுகின்றனர். பின்னர்க் கட்டைவிரலால் சிறிதளவு உள்மடித்து, அம்மடிப்பின் நுனியை அடுத்த மடிப்பு மூடுமாறு தொடர்ந்து செல்ல, முறுக்கிய கயிறு போன்ற ஓரம் உருவாகிறது. இதை வெறும் அலங்காரமென்று கருதிவிடலாகாது. ஓரம் விட்டால் பூரணம் சிந்தும். சிந்திய சர்க்கரை கருகிச் சட்டி எண்ணெய் முழுவதையும் கெடுத்துவிடும். காவலே இங்கு அழகாயிற்று. மார்கழி வைகறையில் வாசலில் புள்ளி வைத்து இழை இழுக்கும் விரல்களும் ஓரம் மடிக்கும் இவ்விரல்களும் ஒரே பள்ளியில் பயின்றவை என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு வீட்டு மடிப்பு நெருக்கமாயிருக்கும், மற்றொன்று அகன்றிருக்கும். சிலர் மடிக்காமல் சோமாசிக் கரண்டியின் பற்சக்கரத்தை உருட்டி அலைபோல் வெட்டுவர். துணியால் மூடிய தட்டில் வரும்போதே, மூதாட்டியர் ஓரத்தைப் பார்த்து இது இன்னார் வீட்டுத் தட்டு என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சிப்பிபோல் திறந்து மூடும் நெகிழி அச்சு இன்று கடைகளில் மலிந்துவிட்டது. ஓர் அழுத்தில் ஓரம் முடிகிறது. நூறு செய்தாலும் நூறும் ஒன்றே. வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் பெண்களிடம் விரலால்தான் மடிக்க வேண்டுமென்று கூற நமக்கு உரிமையில்லை. ஆண்களும் அம்மணையைச் சுற்றி அமர்ந்தால் விரல்கள் கூடும் என்பதைச் சொல்ல மட்டும் உரிமையுண்டு.

அச்சு வாங்கிய வீடுகளிலும், மாவு மிஞ்சினால் பாட்டி நாலைந்தை விரலால் மடித்துத் தட்டின் மேலடுக்கில் வைப்பதைக் காண்கிறோம். அண்டை வீட்டார் முதலில் எடுப்பதும் அவற்றைத்தான்.