மணப்பந்தலும் மண்டகப்பட்டும்

திருமண அழைப்பிதழின் அடியில் "தங்கள் நல்வரவை நாடும்" என்று அச்சிடுவது நம்மவர் வழக்கம். நாளையும் மண்டபத்தின் பெயரையும் பார்த்துவிட்டு இதழை மடித்து வைத்துவிடுகிறோம். அவ்வரியை எவரும் நின்று படிப்பதில்லை. ஆயினும் விருந்தினர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது. நம் வரவை அவர்கள் ஏன் நாடவேண்டும்? வேலையை விட்டு, பேருந்தும் ரயிலும் மாறி ஏறி, முன்பின் அறியாத ஊரில் ஓர் இரவு தங்கி, நாம் அங்கே ஆற்றப்போகும் பணி என்ன? மணமக்கள் இருவர்க்கும் சொந்தமில்லாத தொலைவூரொன்றைத் தேர்ந்து சுற்றத்தை அங்கே வரவழைக்கும் வழக்கம் பெருகிவரும் இந்நாளில், இக்கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. செஞ்சி வட்டாரத்துக்கு மணவிருந்தினராகச் செல்வோரை முன்னிறுத்தி அதனைச் சிறிது ஆராய்வோம்.

தமிழ்த் திருமணத்தை விரித்துரைக்கும் பழம்பாடல்களில் அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் தலையாயவை. பந்தலிட்டுப் புதுமணல் பரப்புகிறார்கள். விளக்கேற்றி மாலை தொங்கவிடுகிறார்கள். நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் உளுந்திட்டுக் குழைய வெந்த சோறும், மற்றொன்றில் இறைச்சியோடு கூடிய வெண்சோறும் வந்தவர்க்குக் குறைவின்றி அளிக்கப்படுகின்றன. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். இவ்விரு பாடல்களிலும் தீவலம் இல்லை, புரோகிதர் இல்லை. அங்கே கூடிய சுற்றமே சடங்கை நடத்துகிறது. வந்தவர்களை நீக்கிவிட்டால் அத்திருமணத்தில் எஞ்சுவது மணலும் விளக்குமே.

இருபதாம் நூற்றாண்டில் சட்டமும் இதே வழியில் வந்தது. 1967இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிற்று. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும் என்பது அதன் சாரம். அந்த முன்னிலை ஊர்திரண்ட விழாவாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 2009இலேயே வந்துவிட்டது. ஆக, நூறு பேர் திரண்டு வரவேண்டிய தேவை சட்டத்துக்கு இல்லை. அவர்கள் நம்மை விரும்பி அழைக்கிறார்கள். தம் வாழ்வின் தொடக்கத்தைக் கண்ட கண்கள் சில வேண்டுமென்று அழைக்கிறார்கள்.

செஞ்சி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது தேசிங்குராசன் கதை. வரலாறு அவனைத் தேஜ்சிங் என்னும் பந்தேலா இராசபுத்திர இளைஞனாக அறியும். தந்தை சொரூப்சிங்குக்குப் பின் கோட்டையைக் கைக்கொண்ட அவன், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது 1714 அக்டோபர் 3இல் மாண்டான். அவனைப் பற்றிய கதைப்பாடலில் இரு திருமணங்கள் வருகின்றன. மணந்தும் மனைவியின் முகம் காணாத தேசிங்கு, போருக்குப் புறப்படுமுன் திரைக்கு இப்பால் நின்று அவளிடம் விடைபெறுகிறான். அவன் உயிர்த்தோழன் மகபத்கானோ வழுதாவூரில் மணக்கோலத்தில் இருக்கும்போது செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. பந்தலை விட்டெழுந்து, நீலவேணி என்னும் குதிரையேறி விரைந்து, நண்பனுக்கு முன்நின்று களத்தில் வீழ்கிறான்.

பாடலைக் கேட்போர் அனைவரும் குதிரையின் பின்னே போய்விடுகிறார்கள். நாம் சற்று வழுதாவூர்ப் பந்தலிலேயே நிற்போம். மணமகன் எழுந்துபோன பின்னும் அப்பெண்ணோடு அங்கே எஞ்சியிருந்தவர்கள் திருமணத்துக்கு வந்த சுற்றத்தாரே. மணவிருந்தினரின் பணி இன்னதென்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. நல்ல நாளில் கூடியவர்கள் அல்லாத நாளிலும் அவ்வீட்டை அறிந்தவர்களாக இருக்கவேண்டும்.

இனி வழிப்பயணம். ரயிலில் வருவோர் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்தில் செஞ்சி சேரலாம். திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலை கோட்டை மதிலை ஊடுருவியே செல்கிறது. இவ்வட்டாரத்தில் வரவேற்பு பெரும்பாலும் முதல்நாள் மாலையில் நிகழும். தாலிகட்டு மறுநாள் விடியலை ஒட்டிய முகூர்த்தத்தில். வரவேற்பில் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொண்டு இரவே திரும்பிவிடுவோர் இப்போது பலர். அவர்கள் விருந்துண்டவர்கள், திருமணத்தைக் கண்டவர்கள் அல்லர். இயன்றால் இரவு தங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதில்லையாதலால் கூட்டமெல்லாம் மற்ற மாதங்களின் வளர்பிறை நாள்களில் குவிகிறது. ஒரே நாளில் ஊரின் எல்லா மண்டபங்களும் நிறையும். தங்குமிடத்தை முன்னரே கேட்டு உறுதி செய்துகொள்வது அழைத்தவர் தலைச்சுமையைக் குறைக்கும்.

பந்தலுக்குள் நடந்துகொள்ளும் முறை எளியது. அட்சதை கைக்கு வந்தால் மேடையருகே சென்று தூவுங்கள்; பின்வரிசையிலிருந்து எறிந்தால் அது முன்வரிசையினர் தலையில்தான் விழும். தாய்மாமன் சீர் நடக்கும்போது குறுக்கே நின்று படமெடுக்க வேண்டா. அது அவருடைய நேரம். மொய்யை ஒற்றைப்படையாக எழுதுவது மரபு. பெயரோடு ஊரையும் சொல்லுங்கள். அந்த நோட்டு பின்னாளில் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முன் திறக்கப்படும் உறவுக் கணக்கு. இலையின் நுனி இடப்பக்கம் இருக்கவேண்டும். உண்டபின் தம்மை நோக்கி மடிப்பது மங்கல வழக்கம். புறப்படும்போது "போய் வருகிறோம்" என்று பெரியவரிடம் சொல்லி, தாம்பூலம் பெற்றுக்கொண்டு நீங்குங்கள்.

பந்தியைப் பற்றியும் ஒரு சொல். 1745இல் புதுச்சேரியை அடுத்த ஒழுகரையில் கனகராய முதலியார் தேவாலயம் கட்டி முடித்துப் பெருவிருந்து வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு விரிவாகச் சொல்கிறது. கிறித்தவர் ஒருவர் அளித்த அவ்விருந்திலும் சாதிக்கேற்பத் தனித்தனி ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஒரே வரிசையில் யாவரும் அமர்ந்துண்ணும் இன்றைய பந்தி தானாக வந்ததன்று. அடுத்த இலையில் இருப்பவர் யாரென்று பாராமல் அமர்வது மணவீட்டார்க்கு நாம் செய்யும் மரியாதையுமாகும்.

முகூர்த்தம் முடிந்தபின் அரைநாள் மிஞ்சும். செஞ்சிக்கோட்டை 2025இல் மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. மற்றவை யாவும் மகாராட்டிரத்தில் உள்ளன. இராசகிரியில் ஏறுவோர் வெயில் முதிருமுன் ஏறவேண்டும்; தண்ணீர் வேண்டும்; பட்டுப்புடவை ஆகாது. அடிவாரத்தில் அடுக்கடுக்காக உயரும் கலியாண மகாலின் பெயரைக் கேட்டு அது மணக்கூடம் என்று எண்ணுவோர் உண்டு. அரண்மனைப் பெண்டிர் உறைந்த இடமாக அதனை ஆய்வாளர் கருதுகின்றனர்.

பிறகு விழுப்புரம் நோக்கிச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு. மண்டபம் என்பதைப் பேச்சுவழக்கில் மண்டகம் என்பர்; மண்டகப்படி என்னும் சொல்லில் இன்றும் அதைக் கேட்கலாம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பாறையொன்றைக் குடைந்து பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை இவை எவையுமின்றி விசித்திரசித்தன் இதனை ஆக்கினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கிறது. இருபுறமும் வாயிற்காவலர் நிற்க, உள்ளே மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக உள்ளன. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் விருந்து, வரவேற்பு, கேளிக்கை ஆகியவற்றை அனுமதியின்றி நடத்துவதை 1959ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. மணமக்களைப் படமெடுக்க அழைத்துச் செல்லும் நண்பர்கள் இதனை நினைவிற்கொள்க. தூண்களில் சந்தனமோ குங்குமமோ பூசவேண்டா, பெயர் எழுதவேண்டா, கற்பூரம் ஏற்றவேண்டா.

மகேந்திரன் விலக்கிய பொருள்களின் பட்டியலை அங்கு நின்று எண்ணும்போது காலையில் கண்ட பந்தல் நினைவுக்கு வருகிறது. மூங்கில், தென்னங்கீற்று, வாழைமரம், மாவிலை, பூச்சரம்: எல்லாம் இரண்டு நாளில் வாடுவன. நிலைக்கவேண்டும் என்று விரும்பிய அரசன் கல்லைத் தேர்ந்தான். நம் முன்னோர் திருமணத்தை அழியும் பொருள்களின் நடுவே வைத்தார்கள். அதைக் காத்து வைக்கும் பொறுப்பை வந்தவர்களிடம் விட்டார்கள். எனவே செல்லும் அன்பர்கள் வந்தவர்களின் பெயர்களை, உண்ட உணவை, பெரியவர்கள் சொன்ன வாழ்த்தைக் கவனித்துக் கேட்டு வருக. இருபது ஆண்டுகள் கழித்து அம்மணமக்களின் பிள்ளைகள் "அன்று என்ன நடந்தது?" என்று கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்கவேண்டும்.