வளையத்தின் பெயரும் வரைபடத்தின் எழுத்தும்: காவலூர், 1977

வேலூரை அடுத்த அமிர்தி அமைந்துள்ள ஜவ்வாது மலைத்தொடரிலேயே காவலூர் வானாய்வகமும் உள்ளது. 1977 மார்ச் 10 அன்று அதன் 1 மீட்டர் தொலைநோக்கி, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைப் பதிவு செய்தது. கோள் விண்மீனை நெருங்கும் முன்னரே ஒளி சில நொடிகள் குறைந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இதனைப் புதிய துணைக்கோளின் மறைப்பு எனக் கொண்டு, 1977 மே மாத ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அதே இதழின் முந்தைய பக்கங்களில் எலியட், டன்ஹாம், மிங்க் ஆகியோர் வானூர்தியிலிருந்தும், மில்லிஸ் குழுவினர் பெர்த்திலிருந்தும் பெற்ற பதிவுகள் வெளியாயின.

மறைப்புக்கு முன்னும் பின்னும் கிடைத்த பதிவுக்கோடுகளை, கோளின் மையத்திலிருந்து கணித்த தொலைவை அச்சாகக் கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது, ஒளிக்குறைவுகள் இணை இணையாகப் பொருந்தின. துணைக்கோள் இருபுறமும் ஒரே தொலைவில் நிற்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, வளையம் நிற்கும். காவலூர்ப் பதிவில் பிழையில்லை. ஒற்றைக் கோட்டுக்கு அளித்த பொருளே மாற வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதனை வளையத் தொகுதியாக எழுதினர்.

எலியட் குழுவினர் ஒளிக்குறைவுகளுக்குக் கிரேக்க எழுத்துகளை இட்டனர். மில்லிஸ் குழுவினர் எண்களை இட்டனர். இன்றும் வளையங்கள் உள்ளிருந்து வெளியே 6, 5, 4, ஆல்ஃபா, பீட்டா, ஈட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்றே வழங்குகின்றன. இடையில் ஈட்டா புகுந்ததும் எண்கள் தலைகீழாக நிற்பதும் கோடுகளின்மேல் அவசரத்தில் இட்ட குறிகள் பெயராக நிலைத்ததன் விளைவு. (வானியலாளர் இவ்வொழுங்கின்மையைத் திருத்த முனையாதது வியப்பே.)

இன்று இத்தகைய பல்கட்ட வரைபடங்களைப் பெரிதும் நிரல்களே வரைகின்றன. 2003இல் ஜான் ஹன்டர் வெளியிட்ட மேட்பிளாட்லிப் அவற்றுள் ஒன்று. அதில் எழுத்துகளுக்கு இருவகை இடம் உண்டு. ‘எப்சிலான்’ என்னும் குறி ஒளிக்குறைவுக்கு உரியது. அதனைத் தரவின் ஆயத்தொலைவில் நிறுத்த வேண்டும். கட்டத்தைச் சுட்டும் ‘அ’, ‘ஆ’ அவ்வாறல்ல. அவற்றைத் தரவோடு பிணைத்தால், அச்சின் எல்லை மாறுந்தோறும் எழுத்து நகரும். சில வேளை கட்டத்தை விட்டே வெளியேறும். எனவே கட்டத்தின் இடக்கீழ் மூலையை (0, 0), வலமேல் மூலையை (1, 1) எனக் கொள்ளும் அளவில் (0, 1) என்னும் புள்ளியைத் தேர்ந்து, அங்கிருந்து அச்சுப்புள்ளி அளவில் சற்று விலக்கி வைப்பதே தக்கது. விலக்கத்தையும் கட்ட அகலத்தின் பின்னமாகக் கொடுத்தால், அகன்ற கட்டத்தில் எழுத்து மிகுதியாக விலகும், குறுகிய கட்டத்தில் ஒட்டி நிற்கும், வரிசை குலையும். தமிழ் எழுத்துருவையும் நிரலில் குறிப்பிட வேண்டும். இல்லையேல் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரமே அச்சாகும்.