டேவிட் ஓர்ட்டீசின் 2009 பேஸ்பால் பருவம்

டேவிட் ஓர்ட்டீசின் 2009 பருவம் என்பது, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் புகழ்பெற்ற மட்டையாளரான டேவிட் ஓர்ட்டீஸ் அவ்வாண்டு மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் ஆடிய 150 ஆட்டங்களைக் குறிக்கும். முதல் இரண்டு மாதங்களில் இவர் ஒரே ஒரு ஹோம் ரன் மட்டுமே அடித்தார். இவரது விளையாட்டு வாழ்வு முடிந்துவிட்டது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. எனினும் எஞ்சிய நான்கு மாதங்களில் மேலும் 27 ஹோம் ரன்கள் அடித்து, பருவத்தை 28 ஹோம் ரன்களுடன் முடித்தார். மெதுவான தொடக்கத்தை மட்டும் கொண்டு ஒரு மட்டையாளரை மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இப்பருவம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

2009 பருவப் புள்ளிவிவரங்கள்

அணி: பாஸ்டன் ரெட் சாக்ஸ் (அமெரிக்கன் லீக்)
ஆட்டங்கள்: 150
மட்டை வாய்ப்புகள்: 541
வெற்றி அடிகள்: 129
அடிச் சராசரி: 0.238
ஹோம் ரன்கள்: 28
ஈட்டித்தந்த ஓட்டங்கள்: 99

சொற்களும் அளவுகளும்

பேஸ்பாலில் மட்டையாளரின் திறனை அளக்கும் பழைய அளவு அடிச் சராசரி ஆகும். வெற்றி அடிகளின் எண்ணிக்கையை மட்டை வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். துடுப்பாட்டத்தின் சராசரியைப் போல் இது ஓட்டங்களைக் கணக்கிடுவதில்லை. பத்து வாய்ப்புகளில் மூன்று முறை வெற்றியாக அடிப்பவரின் சராசரி 0.300. இந்த அளவை எட்டுபவர் சிறந்த மட்டையாளராகக் கருதப்படுகிறார். 0.200-க்குக் கீழே செல்பவர் அணியில் இடத்தைத் தக்கவைப்பது கடினம்.

பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடிப்பதே பெரும்பாலும் ஹோம் ரன் ஆகிறது. துடுப்பாட்டத்தின் ஆறு ஓட்ட அடியுடன் இதை ஒப்பிடலாம். ஆனால் இது மிக அரிதாகவே நிகழும். ஒரு பருவத்தில் 30 ஹோம் ரன்கள் அடிப்பவர் வலுவான அடிப்பாளர் எனப்படுவார்.

ஓர்ட்டீஸ் தமது விளையாட்டு வாழ்வின் பெரும்பகுதியில் நியமன மட்டையாளராக ஆடினார். எறிவாளருக்குப் பதிலாக மட்டையடிக்க மட்டும் ஒருவரை நியமிக்கும் இவ்விதி அமெரிக்கன் லீக்கில் 1973-இல் அறிமுகமானது. இவ்வாறு நியமிக்கப்பட்டவர் களத்தடுப்பில் ஈடுபடுவதில்லை. மற்ற வீரர் ஒருவர் மட்டையில் தடுமாறினாலும் நல்ல களத்தடுப்பால் அணிக்கு உதவலாம். நியமன மட்டையாளருக்கு அந்த வழி இல்லை. அவர் அடிக்காவிட்டால் அணிக்கு அவரால் பயனில்லை என்றே கொள்ளப்படும். 2009-இல் ஓர்ட்டீஸ் சந்தித்த நெருக்கடிக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பின்னணி

ஓர்ட்டீஸ் 1975 நவம்பர் 18 அன்று டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவில் பிறந்தார். 1997-இல் மினசோட்டா ட்வின்ஸ் அணிக்காக முதன்முதலில் மேஜர் லீக்கில் ஆடினார். 2002 டிசம்பரில் அந்த அணி இவரை விடுவித்தது. 2003 சனவரியில் பாஸ்டன் அணி இவரை ஒப்பந்தம் செய்தது.

2004-இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் பாஸ்டன் முதல் மூன்று ஆட்டங்களை இழந்தது. நான்காவது ஆட்டத்தை 12-ஆவது இன்னிங்சில் ஹோம் ரன் அடித்தும், ஐந்தாவது ஆட்டத்தை 14-ஆவது இன்னிங்சில் ஒற்றை அடியாலும் ஓர்ட்டீஸ் முடித்துவைத்தார். பாஸ்டன் அத்தொடரை வென்று, 1918-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடரையும் கைப்பற்றியது. 2006-இல் இவர் அடித்த 54 ஹோம் ரன்கள் அந்த அணியின் ஒரு பருவச் சாதனையாயின. அதற்கு முன் ஜிம்மி ஃபாக்ஸ் 1938-இல் அடித்த 50 ஹோம் ரன்களே சாதனையாக இருந்தன. 2007-இல் இவரது சராசரி 0.332 ஆக இருந்தது. அவ்வாண்டு பாஸ்டன் மீண்டும் உலகத் தொடரை வென்றது.

2008-இல் நிலைமை மாறியது. மே மாத இறுதியில் இவரது இடது மணிக்கட்டில் தசைநாண் உறை கிழிந்தது. இதனால் பல வாரங்கள் ஆட இயலாமல், அப்பருவத்தில் 109 ஆட்டங்களில் மட்டுமே பங்கேற்று 23 ஹோம் ரன்கள் அடித்தார். அதே ஆண்டு சூலை 31 அன்று, வரிசையில் இவருக்கு அடுத்து மட்டையடித்து வந்த மானி ரமிரெஸ் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

தொடக்கச் சரிவு

2009 பருவம் தொடங்கியபோது ஓர்ட்டீசுக்கு வயது 33. ஏப்ரல் மாதத்தில் இவரது சராசரி 0.230. ஹோம் ரன் ஒன்றும் இல்லை. மே மாதத்தில் நிலைமை மேலும் மோசமடைந்து அம்மாதச் சராசரி 0.143 ஆனது.

மே 14 அன்று ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக 12 இன்னிங்ஸ் நீடித்த ஆட்டத்தில் இவர் ஏழு வாய்ப்புகளில் ஒருமுறைகூட வெற்றியாக அடிக்கவில்லை. இவரது வாய்ப்புகள் முடிந்தபோது தளங்களில் காத்திருந்த அணியினரைக் கூட்டினால் 12 பேர் வருவர். அந்த ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றது. அடுத்து சியாட்டிலில் நடந்த மூன்று ஆட்டத் தொடரில் மேலாளர் டெர்ரி ஃபிரான்கோனா இவருக்கு ஓய்வு அளித்தார்.

சரிவுக்குக் கூறப்பட்ட காரணங்கள்

இச்சரிவுக்கு அக்காலத்தில் பல காரணங்கள் கூறப்பட்டன.

மணிக்கட்டுக் காயம்: இடது கையால் மட்டையடிப்பவருக்கு மட்டையின் அடிப்பகுதியைப் பிடிப்பது வலது கை. மேல்பகுதியைப் பிடித்துத் தள்ளுவது இடது கை. காயம்பட்டது இந்த இடது மணிக்கட்டே. எனவே மட்டையின் வேகம் குறைந்துவிட்டதாகக் கருதப்பட்டது.

வயது: உடல் பருத்த மட்டையாளர்கள் 30 வயதைக் கடந்தபின் விரைவாகத் திறன் இழப்பது வழக்கம் என்ற கருத்து நிலவியது. உடலுக்கு நெருக்கமாக வரும் வேகப்பந்துகளை இவரால் உரிய நேரத்தில் அடிக்க முடியவில்லை என்பது இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

ரமிரெஸ் இல்லாமை: அடுத்து வருபவர் வலுவானவராக இருந்தால் எறிவாளர் முன்னவருக்கு அடிக்கத்தக்க பந்துகளை வீச வேண்டியிருக்கும். ரமிரெஸ் சென்றபின் அந்தத் துணை இல்லாமற் போனது என்பது மூன்றாவது வாதம்.

கண்பார்வை: இவரது கண்களும் பரிசோதிக்கப்பட்டன.

பிற்காலத்து ஆட்டத்தைக் கொண்டு பார்க்கையில் வயதை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது. அதே வயதில், ரமிரெஸ் இல்லாத அதே அணியில், அதே பருவத்திலேயே இவர் மீண்டும் ஹோம் ரன்கள் அடிக்கத் தொடங்கினார்.

மே 20 ஆட்டம்

மே 20 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க் அரங்கில் டொராண்டோ புளூ ஜேய்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம் நடைபெற்றது. எறிவாளர் பிரெட் செசில் வீசிய பந்தை ஓர்ட்டீஸ் நடுக்களத்துக்கு அப்பால் அடித்தார். அப்பருவத்தின் முதல் 149 மட்டை வாய்ப்புகளில் கிடைக்காத ஹோம் ரன் அப்போது கிடைத்தது. 2008 செப்டம்பருக்குப் பின் வழக்கமான பருவ ஆட்டங்களில் இவர் அடித்த முதல் ஹோம் ரன் இதுவே. பார்வையாளர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்து, இவரை மீண்டும் களத்தின் விளிம்புக்கு வரவழைத்தனர்.

ஆனால் இந்த அடியுடன் சரிவு முடிந்துவிடவில்லை. சில நாட்களுக்குப் பின், மே மாத இறுதியில், மேலாளர் இவரை மட்டை வரிசையில் மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறக்கினார். பல ஆண்டுகளாக அணியின் மையமாக இருந்த ஒருவருக்கு இது பெரிய இறக்கமாகும். மே முடிவில் இவரது பருவச் சராசரி 0.185, ஹோம் ரன் 1, ஈட்டித்தந்த ஓட்டங்கள் 18.

மீட்சி

சூன் 6 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக இரண்டாவது ஹோம் ரன் அடித்தார். அம்மாதச் சராசரி 0.320 ஆகவும் ஹோம் ரன்கள் 7 ஆகவும் உயர்ந்தன. எனினும் 2004 முதல் 2008 வரை ஒவ்வோர் ஆண்டும் ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வான இவர் 2009-இல் தேர்வாகவில்லை.

ஆகத்து 26 அன்று சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தைக் கடைசி இன்னிங்சில் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். செப்டம்பரில், நியமன மட்டையாளராக அதிக ஹோம் ரன்கள் அடித்தவர் என்ற சாதனையை ஃபிராங்க் தாமசிடமிருந்து கைப்பற்றினார். தாமஸ் அவ்வகையில் 269 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். மே மாதத்தில் வரிசையில் கீழே இறக்கப்பட்டவர் அதே ஆண்டு அந்தப் பணியில் முதலிடம் பெற்றார்.

சூன் முதல் பருவ முடிவு வரை இவர் ஏறத்தாழ 360 மட்டை வாய்ப்புகளில் 27 ஹோம் ரன்கள் அடித்தார். அதாவது 13 அல்லது 14 வாய்ப்புகளுக்கு ஒன்று. மிகச் சிறந்த பருவங்களில் ஒன்றாகக் கருதப்படும் 2007-இல் இந்த விகிதம் ஏறத்தாழ 16-க்கு ஒன்றாக இருந்தது. ஆகவே பந்தைத் தொலைவுக்கு அடிக்கும் வலிமை இவரிடம் குறையவில்லை. குறைந்தது சராசரியே. அந்நான்கு மாதங்களின் சராசரி 0.264 அளவிலேயே இருந்தது. 2007-இல் 103 முறை மட்டுமே மூன்று வீச்சுகளைத் தவறவிட்டு ஆட்டமிழந்த இவர், 2009-இல் 134 முறை அவ்வாறு ஆட்டமிழந்தார். பழைய ஓர்ட்டீஸ் முழுமையாகத் திரும்பிவிட்டார் என்பதைவிட, அதிகம் தவறவிட்டாலும் படும் பந்தை அதே வலிமையுடன் அடிக்கும் மட்டையாளராக அவர் மாறியிருந்தார் என்பதே பொருந்தும்.

2003 சோதனை குறித்த செய்தி

2009 சூலை 30 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், 2003-இல் நடத்தப்பட்ட ஊக்கமருந்துச் சோதனையில் நேர்மறை முடிவு பெற்றவர்களுள் ஓர்ட்டீசும் ஒருவர் எனச் செய்தி வெளியிட்டது. அச்சோதனை முடிவுகள் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதும், அவற்றுக்குத் தண்டனை இல்லை என்பதும் முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. செய்தி வெளியான அன்றே ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் அணிக்கு எதிராக மூன்று ஓட்டங்கள் தந்த ஹோம் ரன் ஒன்றை இவர் அடித்தார்.

ஆகத்து 8 அன்று நியூயார்க்கில் செய்தியாளர்களைச் சந்தித்த ஓர்ட்டீஸ், தாம் ஒருபோதும் ஊக்கமருந்தை வாங்கவோ பயன்படுத்தவோ இல்லை என்றும், கடைகளில் கிடைத்த ஊட்டப்பொருட்களை வாங்குவதில் கவனமின்றி இருந்ததாகவும் கூறினார். எந்தப் பொருள் கண்டறியப்பட்டது என்பது வெளியிடப்படவில்லை. 2003 சோதனையின் சில முடிவுகள் ஐயத்துக்குரியவை என்று மேஜர் லீக் ஆணையர் ராப் மான்ஃபிரெட் 2016-இல் தெரிவித்தார். பின்னர் நடைமுறைக்கு வந்த சோதனை முறையின்கீழ் ஓர்ட்டீஸ் ஒருமுறையும் தண்டிக்கப்படவில்லை.

பருவ முடிவு

பாஸ்டன் 95 வெற்றிகளுடன் தன் பிரிவில் யாங்கீஸ் அணிக்கு அடுத்த இடத்தைப் பெற்று, இறுதிச் சுற்றுக்கு முன்னேறியது. அங்கு ஏஞ்சல்ஸ் அணியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஓர்ட்டீஸ் அத்தொடரில் 12 வாய்ப்புகளில் ஒரே ஒரு வெற்றி அடி மட்டுமே பெற்றார். பருவத்தின் பிற்பகுதியில் பெற்ற நற்பெயர் இதனால் ஓரளவு மங்கியது.

2010-இல் மீண்டும் அதே நிலை

2010 ஏப்ரலில் இவரது சராசரி 0.143, ஹோம் ரன் 1. அம்மாத இறுதியில் ஓர் ஆட்டத்தில் இவருக்குப் பதிலாக மைக் லோவெல் மட்டையடிக்க அனுப்பப்பட்டார். ஆனால் மே மாதத்தில் 0.363 சராசரியுடன் 10 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீக்கின் சிறந்த வீரராகத் தெரிவானார். சூலையில் ஆல் ஸ்டார் ஆட்டத்தை ஒட்டி நடந்த ஹோம் ரன் போட்டியை வென்றார். பருவத்தை 0.270 சராசரி, 32 ஹோம் ரன்கள், 102 ஈட்டித்தந்த ஓட்டங்களுடன் முடித்தார்.

அப்போதைய ஒப்பந்தத்தின்படி 2011 பருவத்துக்கு இவரைத் தக்கவைப்பதா விடுவிப்பதா என்பது அணியின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. அதற்கான தொகை 1.25 கோடி டாலர். அணி இவரைத் தக்கவைத்தது.

மதிப்பீடு

ஒரு மாதத்தில் மட்டையாளருக்கு ஏறத்தாழ 90 மட்டை வாய்ப்புகள் கிடைக்கும். 0.300 சராசரி கொண்டவர் அவற்றில் 27 வெற்றி அடிகள் பெறுவார். 0.250 கொண்டவர் 22 அல்லது 23 பெறுவார். சிறந்தவருக்கும் நடுத்தரமானவருக்கும் உள்ள வேறுபாடு வாரத்துக்கு ஓர் அடி மட்டுமே. இத்தகைய வேறுபாடு தற்செயலாகவும் ஏற்படலாம். பருவத்தின் நடுவில் நிகழும் சரிவு முந்தைய மாதங்களின் எண்களில் மறைந்துவிடும். தொடக்கத்தில் நிகழ்வதை மறைக்க எதுவும் இல்லை. எனவே ஒரே அளவிலான சரிவு ஏப்ரலில் பெரிதாகவும் ஆகத்தில் சிறிதாகவும் தோன்றும்.

இதனால் ஓர்ட்டீசின் சரிவு வெறும் தற்செயல் என்றும் கூற இயலாது. இரண்டு மாதங்கள் நீடித்த 0.185 சராசரியும், காயம்பட்ட மணிக்கட்டும் உண்மையான ஐயத்துக்கு இடமளித்தன. மே மாத முடிவில் இருந்த எண்களை மட்டும் கொண்டு அணி இவரை விடுவித்திருந்தால், அம்முடிவைப் பலரும் நியாயமானதாகவே கருதியிருப்பர்.

அதன்பின் ஓர்ட்டீஸ் ஏழு பருவங்கள் ஆடினார். 2013 உலகத் தொடரில் 16 வாய்ப்புகளில் 11 வெற்றி அடிகள் பெற்று அத்தொடரின் சிறந்த வீரரானார். இறுதிப் பருவமான 2016-இல், 40 வயதில், 38 ஹோம் ரன்களும் 127 ஈட்டித்தந்த ஓட்டங்களும் பெற்றார். மொத்தம் 541 ஹோம் ரன்களுடன் ஓய்வு பெற்ற இவரது 34-ஆம் எண் சீருடைக்கு 2017-இல் பாஸ்டன் அணி ஓய்வளித்தது. 2022-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவற்றையும் பார்க்க

பேஸ்பால்
பாஸ்டன் ரெட் சாக்ஸ்
ஃபென்வே பார்க்
நியமன மட்டையாளர்