ஃபிரேஸும் கிளாஸும்

ஆங்கில வாக்கியத்துக்குள் அமையும் இருவகைச் சொற்கூட்டங்கள். எழுவாயும் அதற்குரிய முற்றுவினையும் சேர்ந்து நிற்பது கிளாஸ். அந்த இணை இல்லாதது ஃபிரேஸ். நீளம் அளவுகோல் அன்று. ‘ஆஃப்டர் எ லாங் டிரைவ் த்ரூ பந்திப்பூர்’ என்பது ஃபிரேஸ். ‘வென் இட் ரெயின்ஸ்’ மூன்றே சொல்லானாலும் கிளாஸ். முதற்சொல்லையும் நம்பக் கூடாது: ‘ஆஃப்டர்’ இரண்டிலும் வரும்.

தமிழ் மாணவர் தடுமாறுவது எச்சங்களில்தான். மைசூரு–ஊட்டி சாலையிலுள்ள குண்டலுபேட்டையில் ஒருவர் ‘ஊட்டிக்குப் போகும் பஸ்’ என்று கேட்கிறார்; தமிழில் ஒரு பெயரெச்சம் போதும். ஆங்கிலத்தில் ‘த பஸ் டு ஊட்டி’ என்றால் ‘டு ஊட்டி’ ஃபிரேஸ். ‘த பஸ் தட் கோஸ் டு ஊட்டி’ என்றால் ‘தட்’ எழுவாய், ‘கோஸ்’ முற்றுவினை, ஆகவே கிளாஸ். ‘மழை பெய்தால்’ என்ற வினையெச்சமும் ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என முற்றுவினை பெற்றே ஆங்கிலமாகிறது.

‘கோயிங் டு ஊட்டி’ போன்றவற்றில் இலக்கண நூல்களே வேறுபடுகின்றன. இந்தியப் பள்ளிகளில் வேரூன்றிய ரென்–மார்ட்டின் மரபு இதை ஃபிரேஸ் என்கிறது. ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணம் முற்றுவினையற்ற கிளாஸ் என்கிறது. பிந்தைய பகுப்பே நுட்பமானது. பள்ளித் தேர்வுக்கு முந்தையதே பொருந்தும்.