ஒரு லைன், ஆறு கேபின்

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு கம்ப்யூட்டர் பெரிய விஷயமே இல்லை. அசெம்பிள் செய்த பெட்டியைத் தவணையில்கூட வாங்கிப் போடலாம். லைன்தான் ஒன்றே ஒன்று. அதில் 56 கே மோடம் மாட்டியிருக்கும். நொடிக்கு நாலு, ஐந்து கேபி வந்துவிட்டால் அது நல்ல நாள். அதைப் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு கேபிகூடத் தேறாது. நாற்பது கேபி படம் ஒன்று முழுசாக இறங்க ஒரு நிமிஷம் ஆகும். மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம்!

நான் அப்படி ஒரு சென்டரில் வேலை பார்த்தேன். உள்ளேயிருந்து அடிக்கொரு தரம் குரல் வரும்: "தம்பி, லைன் போயிட்டா?" "இல்ல அண்ணாச்சி, வந்துக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்துவிடும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விஎஸ்என்எல் தொடங்கிய சேவை, சென்னை உட்படப் பெருநகரங்களுக்கு மட்டும். 1998 கடைசியில் தனியாருக்கு உரிமம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் மாதிரி இடங்களில் எஸ்டிடி பூத்துகள் ஒவ்வொன்றாக பிரவுசிங் சென்டர் போர்டை மாட்டின. விண்டோஸ் 98-இல் கிராக் செய்த ஏதாவது ஒரு புராக்ஸி மென்பொருளைப் போட்டு லைனைப் பகிர்வதுதான் அன்றைய வழக்கம். மாலை நேரத்தில் கூட்டம் சேரும்போது பார்த்து அந்தப் பெட்டி உறைந்து நிற்கும்.

அதற்கு மாற்றாக லினக்ஸ் உள்ளே நுழைந்தது கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகளின் வழியாக. கொள்கைப் பிடிப்பு, சுதந்திர மென்பொருள் என்றெல்லாம் எங்களில் பலருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பழைய பென்டியம் பெட்டியில் ஓடும், காசு கேட்காது, விழாது, அது போதும். ஆனால் பெட்டிக்குள் இருந்த மோடம் லினக்ஸுக்கு ஆகாது. பாதி வேலையை விண்டோஸ் தலையில் கட்டிவிடும் மலிவு ரகம் அது. வெளியில் வைக்கும் மோடம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றதும் முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த சிடிக்குள் இருந்ததுதான் ஸ்க்விட் என்ற புராக்ஸி மென்பொருள். அதன் பூர்வீகம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். ஒருவர் எடுத்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் கேஷ் யோசனை, வெப் பிறந்த செர்ன் ஆய்வுக்கூடத்திலேயே 1994-இல் ஆரி லுவோடோனென் போன்றவர்களின் கையில் உருவாகிவிட்டது. அதே காலத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் தலைமையில் ஹார்வெஸ்ட் என்றொரு ஆய்வுத்திட்டம் நடந்தது. அதில் பீட்டர் டான்சிக் குழு எழுதிய கேஷ் நிரல் பிற்பாடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை விற்பனைப் பண்டமானது. இன்னொன்றை டுவேன் வெஸல்ஸ் எடுத்துக்கொண்டு, அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் வளர்த்து, 1996 ஜூலையில் ஸ்க்விட் 1.0 என்று வெளியிட்டார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். அங்கே பல்கலைக்கழகங்களின் லைன் நெரிசலைக் குறைக்க எழுதியது, இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் மோடம் லைனைக் காப்பாற்ற வந்து சேர்ந்தது.

நிறுவுவது ஒரே கட்டளை. அதன் பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்தால், புதிதாக வருபவன் பயந்துபோவான். பக்கம் பக்கமாக ஓடும்; பெரும்பகுதி வெறும் விளக்கக் குறிப்பு. மாற்றவேண்டியதோ நாலைந்து வரி. பெட்டிக்கு ஒரு பெயர் வைக்காவிட்டால் ஸ்க்விட் கிளம்பவே கிளம்பாது. கிளம்பினாலும் யாரையும் உள்ளே விடாது: வந்தவர் எல்லோரையும் மறு என்பதுதான் கோப்பில் எழுதி வரும் வழக்கம். உங்கள் ஆறு பெட்டிகளும் உங்களுடையவைதான் என்று நீங்கள் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த முறைப்பு எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அதுவே சரியான குணம் என்று படுகிறது.

கேஷ் இருக்கும் இடத்தைச் சொல்லும் வரியில் மூன்று எண்கள்: 100, 16, 256. நூறு எம்பி இடம்; முதல் அடுக்கில் 16 அடைவுகள்; அவை ஒவ்வொன்றுக்குள்ளும் 256. ஆக 4,096 அறைகள். முதல் தடவை கட்டளை கொடுத்ததும் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு அத்தனையையும் கட்டி முடிக்கும். பிறகு ஒவ்வொரு கேபினுக்கும் போய் எக்ஸ்ப்ளோரரில் புராக்ஸி முகவரியையும் 3128 என்ற போர்ட் எண்ணையும் அடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

சேமித்த பக்கத்தை எத்தனை நாள் நம்பலாம் என்பதற்கு ஸ்க்விட் வைத்திருந்த கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். காலாவதித் தேதி போடாமல் ஒரு படம் வந்தால், அது கடைசியாக மாறி எவ்வளவு காலமாயிற்று என்று பார்க்கும். பத்து நாளாக மாறாமல் கிடந்த படமா, அதில் 20 சதவீதம், அதாவது இரண்டு நாளைக்குக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கும். ஒரு வருஷமாக மாறாததா, அதற்கும் உச்சவரம்பு 4,320 நிமிஷம், மூன்று நாள். அதன் பிறகு மூல சர்வரிடம் "மாறிவிட்டதா?" என்று மட்டும் கேட்கும், இல்லை என்று பதில் வந்தால் பழையதையே கொடுக்கும். பழைய சரக்கு பழையபடியே இருக்கும் என்கிற மளிகைக் கடைக்காரரின் அனுபவ அறிவுதான் இது. கிரிக்கெட் ஸ்கோரில் மட்டும் சில சமயம் சறுக்கும். கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தச் சொல்லி ரசிகர்களைச் சமாதானப்படுத்துவோம்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் வரும் முதல் ஆள்தான் மின்னஞ்சல் தளத்தின் முகப்புப் படங்களை இறக்கும் பாரத்தைச் சுமப்பார். அடுத்து வருபவர்களுக்கு அவை சட்டென்று வந்துவிழும். தமிழ் பத்திரிகைத் தளங்களில் லாபம் இன்னும் அதிகம். யூனிகோடு பரவாத காலம். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி எழுத்துரு. பக்கத்தோடு அந்த எழுத்துருக் கோப்பும் சேர்ந்து இறங்கினால்தான் தமிழ் தமிழாகத் தெரியும். அது ஒருமுறை கேஷுக்குள் வந்துவிட்டால் எல்லா கேபினுக்கும் போதும். ஐந்து எம்பி சினிமாப் பாட்டுதான் தங்காது, ஒரு கோப்புக்கு உச்சவரம்பு நாலு எம்பி என்று ஸ்க்விட்டில் இருந்ததால். அதை உயர்த்திக்கொள்ளலாம். உயர்த்தாத சென்டர் எங்கள் தெருவில் கிடையாது.

கேஷ் கைவிடும் நாள் ஒன்று உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் அன்று படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். ஆனால் பதிவு எண்ணைக் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண் பக்கமும் வேறு வேறு. முகவரியில் கேள்விக்குறி இருந்தால் சேமிக்காதே என்று அமைப்புக் கோப்பே சொல்லிவிடும். ஊரே ஒரே பக்கத்தைக் கேட்டால்தான் கேஷுக்கு வேலை. அவரவருக்கு அவரவர் பக்கம் என்றால் அது வெறும் இடைத்தரகர். பிற்பாடு இணையம் முழுக்கவே அந்த ரிசல்ட் நாள் மாதிரி ஆகிப்போனது.

இந்தத் தொழிலில் இன்னொரு பக்கம் இருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. எந்தப் பெட்டியிலிருந்து எந்த நேரத்தில் எந்த முகவரி கேட்கப்பட்டது என்று ஸ்க்விட் வரிவரியாக எழுதிவைக்கும். கவுன்டரில் உட்கார்ந்தபடி அந்தப் பதிவு ஓடுவதைப் பார்க்கலாம். மூன்றாம் கேபின் அக்கா துபாய் வேலைவாய்ப்புத் தளத்தில் இருக்கிறார், ஐந்தாம் கேபின் பையன் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறான், எல்லாம் தெரியும். ஸ்க்விட்டை எழுதியவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை, அதாவது தேடிய சொற்களை, பதிவில் எழுதாமல் வெட்டிவிடுவது அதன் இயல்பு. ஒரு சொல்லை மாற்றினால் அதுவும் தெரிய ஆரம்பித்துவிடும். மாற்றிய கடைகளும் உண்டு.

2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்தது. கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. புராக்ஸி சர்வரின் பதிவுகளை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும். அப்போது பாதி சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டிருந்தன. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் 256 கேபிபிஎஸ் வேகத்தில் வந்ததுமே வீட்டுக்கு வீடு லைன் போக ஆரம்பித்திருந்தது. ஆனால் கேஷை முடித்துவைத்தது வேகம் மட்டுமல்ல, பூட்டும்தான். 2010-இல் ஜிமெயில் எல்லோருக்கும் எச்டிடிபிஎஸ் பூட்டு என்று ஆக்கியது. 2015 கடைசியில் லெட்ஸ் என்க்ரிப்ட் வந்து இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியதும் சின்னத் தளங்களும் பூட்டிக்கொண்டன. பூட்டிய பாக்கெட்டை ஸ்க்விட் கைமாற்றிவிடலாம். பிரித்துப் பார்க்கவும் முடியாது, எடுத்துவைக்கவும் முடியாது. பதிவில் தளத்தின் பெயரும் 443 என்ற போர்ட் எண்ணும் மட்டும் விழும். ஐந்தாம் கேபின் பையன்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கும் வருத்தமில்லை.

இப்போது நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி நெட்வொர்க்கிலும் ஸ்க்விட் ஓடுகிறது, சில தளங்களைத் தடுப்பதற்காக. போன மாதம் புதுப் பெட்டியில் போடும்போது பார்த்தேன்: 100, 16, 256 வரி அப்படியே இருக்கிறது. முன்னால் ஒரு குறியைப் போட்டு, செயல்படாத வரியாக்கித்தான் இப்போது அனுப்புகிறார்கள்.